அப்பாவுக்காக ஓடிக்கொண்டிருந்த என்ஜின்

எங்கள் அப்பாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் ஏந்தியிருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் கடைசி மகள் எழுதுவது. அண்ணாமார் இருவரும், "நீதானே வாய்க்காரி, நீயே எழுது" என்று நழுவிவிட்டார்கள். எழுதுகிறேன்.

அப்பா கொட்டாஞ்சேனையில் பிறந்தார். சிறுவயதிலேயே தகப்பனை இழந்து, கடையொன்றில் வேலை செய்துகொண்டே படித்தவர். பின்னர் இரத்மலானை விமான நிலையத்தில், தரையிறங்கிய விமானங்களை நிறுத்துமிடத்துக்கு அழைத்துவரும் பணியில் சேர்ந்தார். திருமணத்தின்பின் வெள்ளவத்தையில் குடியேறினார். வேலையில், விமானத்தின் முன்னால் இரு கைகளிலும் மட்டைகளோடு நின்று சைகை காட்ட வேண்டும். இறக்கை எதில் உரசும், சக்கரம் எந்தக் கோட்டில் போகிறது என்பது உள்ளே இருக்கும் விமானிக்குத் தெரியாது. "அவர் என்ர கையைப் பாப்பார், நான் அவற்ற சில்லைப் பாப்பன். கதைக்க என்ன கிடக்கு?" என்பார் அப்பா. வீட்டிலும் பாதிப் பதில் கையால்தான். "நான் என்ன பிளேனே?" என்று அம்மா எரிந்து விழுவார்.

விமானம் வருமுன் வெறுந்திடலைப் பார்த்து ஒருதரம் சைகைகளைச் செய்து பார்ப்பது அப்பாவின் பழக்கம். யுத்த காலத்தில் அதுவே வினையாயிற்று. நகரில் குண்டு வெடித்த மறுநாள், காவலுக்குப் புதிதாக வந்த ஒருவர் அதைக் கண்டு, மதிலுக்கு வெளியே யாருக்கோ தமிழன் சைகை காட்டுகிறான் என்று மேலிடத்துக்கு அறிவித்துவிட்டார். வேறு நாளென்றால் சிரித்திருப்பார்கள். அன்று சிரிக்க எவருக்கும் துணிவில்லை.

மத்தியானம், ஒரு விமானத்தைப் பாதி வழி அழைத்து வந்திருந்தபோது ஜீப்பில் வந்து அப்பாவைப் பிடித்தார்கள். அப்பா மட்டைகளைத் தலைக்குமேல் குறுக்காகப் பிடித்து, விமானத்தை நிற்கச் சொல்லிவிட்டே ஜீப்பில் ஏறினார். அக்காலத்தில் அப்படி ஏற்றப்பட்டவர்களில் வீடு திரும்பாதவர்கள் உண்டு. உங்களில் பலருக்கு அதை நான் சொல்லத் தேவையில்லை.

விமானி ஒரு சிங்களவர். அப்பாவை அவருக்குக் கண்ணாடி வழியாகத்தான் பழக்கம். வேறொருவர் மட்டைகளை எடுத்துக்கொண்டு ஓடிவந்து அழைத்தார். விமானம் அசையவில்லை. "என்னை நிற்கச் சொன்னவர்தான் வரச் சொல்ல வேண்டும். அதுதான் சட்டம். அவர் எங்கே?" என்று விமானி கட்டுப்பாட்டுக் கோபுரத்திடம் கேட்டாராம். என்ஜினையும் நிறுத்தவில்லை. பின்னால் வந்த விமானமும் வழியில்லாமல் நின்றது. பயணிகளில் இருந்த ஒரு பெரிய அதிகாரி வெக்கை தாங்காமல் எழுந்து போய்ச் சத்தமிட்டார். விமானி அவரிடமும் அதே சட்டத்தைச் சொன்னார். அப்படியொரு சட்டமே கிடையாது என்று பிற்காலத்தில் அப்பா எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். கடைசியில் அந்த அதிகாரியே விமானியின் வானொலிக் கருவியில் கதைத்து ஜீப்பைத் திரும்பி வரச் செய்தார்.

அப்பா இறங்கி, விட்ட இடத்திலிருந்து கைகாட்டினார். சில்லுகளுக்குக் கட்டை வைத்து முடிந்ததும் விமானி இறங்கி வந்து, "இவர் கை காட்டுவது எனக்கு" என்று ஜீப்காரரிடம் சொன்னார். அவர்கள் போன பின்பு, "சேர், உங்களாலதான்" என்று அப்பா தொடங்க, "எனக்கு வழி தெரியவில்லை, அவ்வளவுதான்" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுத் தொப்பியை மாட்டிக்கொண்டு நடந்தாராம்.

ஓய்வுபெறும்வரை அப்பா அதே திடலில்தான் நின்றார். கடைசி மாதங்களில் இதயம் பலவீனமாகி, நெஞ்சு வருத்தம் அவரைக் கட்டிலோடு சேர்த்துவிட்டது. அப்போதும் பார்க்க வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்தாயிற்றா என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார். நித்திரையிலேயே போய்விட்டார்.

மருத்துவம் பார்த்தவர்களுக்கும், கிரியைகளை நடத்திய ஐயருக்கும், சமைத்துக் கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும், கடல் கடந்து வந்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. செத்தவீட்டுக்குத் தடியூன்றி வந்திருந்த ஒரு முதியவரைப் பலர் யாரென்று கேட்டீர்கள். அந்த விமானிதான் அவர். அம்மா என் கையைப் பிடித்து அவரிடம் கூட்டிப்போய், "இவரை ஜீப்பில ஏத்தின அண்டைக்கு இவள் என்ர வயித்தில, சேர்" என்று தன் அரைகுறைச் சிங்களத்தில் சொன்னார். எனக்கு வாய் எழவில்லை. சொல்ல வேண்டியதை இங்கே சொல்லிவிடுகிறேன்: நான் "அப்பா" என்று கூப்பிட்ட ஒவ்வொரு தரத்துக்கும், ஐயா, உங்களுக்கு நன்றி.