ஓக்கி வைத்த சிவப்புக் கொடி

ஆர்ஃபா லில்லிக்குப் பல வருஷமாக முடி வெட்டுகிறவள் நான். அவள் தலையில் முடிதான் குறைந்திருக்கிறது, திமிர் குறையவில்லை. அந்தத் திமிரை நான் குறை சொல்ல மாட்டேன். அது இல்லாதவர்கள் ரயில் கம்பெனிக்குத் தலையாட்டித் தலையாட்டிக் கழுத்து வலியோடு என் கடை நாற்காலியில் வந்து உட்காருகிறார்கள்.

கல்யாணமான புதிதில் அவள் காயப்போட்ட வெள்ளைப் படுக்கை விரிப்பு நிலக்கரித் தூசியில் கறுத்துப்போனது. அவள் அதைத் திரும்பத் துவைக்கவில்லை. நேரே எடுத்துப்போய் ஸ்டேஷன் மாஸ்டரின் மேஜைமேல் விரித்து, "இதுல ஒரு ராத்திரி படுத்துட்டு வந்து சொல்லுங்க" என்றாள். அவள் புருஷன் ஓக்கி அப்போதுதான் அந்தக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். "எங்க பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டா" என்று தலையில் கைவைத்துக்கொண்டாராம். வேலை போகவில்லை. ஓய்வு பெறும்வரை அங்கேதான் உழைத்தார்.

எங்கள் ஊர் ஆஷ்பெண்டில் வீடுகளும் கடைகளும் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம். கல்லறைத் தோட்டம் மலைச்சரிவில், அந்தப் பக்கம். நடுவில் இருப்பது ஒரே ஒரு ரயில்வே கேட். நிலக்கரி வண்டி வந்து கேட்டின் மேல் படுத்துவிட்டால், முன்னால் சிக்னல் விழும்வரை எழுந்திருக்காது. கம்பெனிக்குப் போன் செய்தால் ஒரு பெண் இனிமையாக மன்னிப்புக் கேட்பாள். மன்னிப்பின் மேல் ஏறி அந்தப் பக்கம் போய்விட முடியுமா?

பிப்ரவரியில் ஓக்கி இறந்தார். பனித்தூறலில் சவப்பெட்டியோடு கேட்டுக்குப் போனோம். வண்டி படுத்திருந்தது. பாதிரியார் ஹோபர்ட் நடுரோட்டில் நின்றபடியே ஜெபத்தை ஆரம்பித்தார். பாதியில் நாக்கு விறைத்து நிறுத்திவிட்டார். இருட்டியதும் பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்தோம். வீட்டை விட்டுப் புறப்பட்ட பிணம் திரும்பி வரலாமா? மறுநாள் பாதிரியார் வேறு ஊரில் ஒரு அடக்கத்துக்குப் போய்விட்டார். நாங்கள் நாலைந்து பேர் போய் மண்ணைத் தள்ளிவிட்டு வந்தோம். வாழ்நாளெல்லாம் அந்தத் தண்டவாளத்துக்கு உழைத்த மனிதர் அதைக் கடக்க வழியில்லாமல் கிடந்தார்.

ஆர்ஃபா அழவில்லை. "பூ வைக்கிற ஞாயித்துக்கிழமை வரட்டும். மிச்ச ஜெபத்த அன்னைக்கு முடிக்கணும். ஊரே நின்னு கேக்கணும்" என்றாள்.

அந்த ஞாயிறு மே மாதக் கடைசியில் வரும். கல்லறைகளைக் கூட்டி, மெழுகில் தோய்த்த காகிதப் பூக்களை வைத்துவிட்டு, ஊரே அங்கே புல்மேல் உட்கார்ந்து சாப்பிடும். அன்று காலை சோள ரொட்டிக் கூடையோடு நான் கேட்டுக்குப் போனபோது, ஆர்ஃபா தண்டவாள ஓரமாக நடந்து வந்துகொண்டிருந்தாள். வளைவுக்கு அப்பால், வேகத்தைக் குறைக்கச் சொல்லும் மஞ்சள் கொடியை நட்டாகிவிட்டது. கேட்டுக்குச் சற்று முன்னால், தண்டவாளத்தின் நடுவில், சிவப்புக் கொடியைக் குத்தினாள். ஓக்கி வேலைக்குக் கொண்டுபோன பழைய கொடி அது; கம்பில் அவர் பெயர் கத்தியால் செதுக்கியிருந்தது.

"ஏண்டி, உன்னப் புடிச்சு உள்ள போடுவாங்க" என்றேன்.

"போடட்டும். இந்த வயசுல யாராவது எனக்குச் சமைச்சுப் போட்டா வேணாம்னா சொல்லப்போறேன்?"

ரயில்காரர்களுக்கு ஒரு விதி உண்டு. நட்ட சிவப்புக் கொடியை நட்டவர்தான் எடுக்க வேண்டும். வேறு யார் எடுத்தாலும் பிழைப்பு போய்விடும்.

வண்டி வந்தது. வேகம் குறைந்து, கொடிக்கு முன்னால் முனகிக்கொண்டு நின்றது. டிரைவர் வெர்லின், ஓக்கியோடு பல வருஷம் ஒன்றாக வேலை பார்த்தவர். பிப்ரவரியில் கேட்டை அடைத்த வண்டியை ஓட்டியவரும் அவர்தான். அதற்குப் பிறகு ஊருக்குள் தலைகாட்டுவதே இல்லை.

"ஆர்ஃபா அக்கா, என்ன இது?"

"கொடி. கண்ணு தெரியலயா?"

"சிக்னல் வரைக்கும் போகணும்கா."

"போயி? கேட்டு மேல படுத்துக்கவா?"

என்ஜினுக்குள் வயர்லெஸ் கரகரத்தது. கண்ட்ரோலில் இருந்தவர் கத்தியது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. "யாரோ ஒரு பொம்பளதானே? எறங்கி அதப் புடுங்கி எறிஞ்சிட்டு வாய்யா."

வெர்லின் இறங்கினார். கேட்டில் ஊரே பூவும் பாத்திரமுமாக நின்றது. அவர் கொடியைப் பிடுங்கிவிட்டால் வண்டி வந்து குறுக்கே படுத்துக்கொள்ளும், ஓக்கியின் ஜெபம் மறுபடியும் பாதியில் நிற்கும். அவர் குனிந்தார். செதுக்கிய பெயரைக் கட்டைவிரலால் தடவினார். கொடியைப் பிடுங்காமல் திரும்பி ஏறி வயர்லெஸ்ஸில் பேசினார்.

"கொடியில ஓக்கி லில்லின்னு இருக்கு. வெச்சவர்தான் எடுக்கணும். நீங்க போட்ட விதிதானே?"

"சரி, அந்த ஆளக் கூப்பிடு."

"அவரு கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்காரு. பிப்ரவரியில போகவிடாம அவரு வழிய மறிச்சவனே நான்தான்" என்று சொல்லி வயர்லெஸ்ஸை அணைத்தார்.

கடந்து போனோம். கைக்குழந்தைகூட மிச்சமில்லை. ஓக்கியின் கல்லருகே பாதிரியார் விட்ட இடத்திலிருந்து தொடங்கப் பார்த்தார்.

"பாதியிலேருந்து வேணாம் ஐயா. மொதல்லேருந்து" என்றாள் ஆர்ஃபா.

முதலிலிருந்து சொன்னார். வெர்லின் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு எல்லோருக்கும் பின்னால் நின்றார். ஆர்ஃபா ஒரு தட்டில் பீன்ஸும் வறுத்த கோழியும் ஆப்பிள் அடுக்கு கேக்கும் வைத்து அவரிடம் நீட்டினாள். "மொதல்ல சாப்பிடு. அப்புறமா வெக்கப்படு." என்ஜினிலேயே இருந்த உதவி டிரைவருக்கும் ஒரு தட்டு போனது.

பாத்திரங்கள் காலியான பிறகுதான் அவள் இறங்கிப் போனாள். "வீட்டுக்காரர் கை வேற, என் கை வேறயா?" என்று சொல்லிக் கொடியைப் பிடுங்கினாள். மறுபடி மேலே ஏறி, பூக்களுக்கு நடுவே ஓக்கியின் தலைமாட்டில் அதை ஊன்றினாள். அப்புறம்தான் வண்டி நகர்ந்தது.

அடுத்த வாரம், ஆர்ஃபாவுக்குப் பாதி முடி வெட்டியிருந்தபோது, டை கட்டிய கம்பெனி ஆள் ஒருவர் அவளைத் தேடி என் கடைக்கே வந்தார்.

"அந்தச் சிவப்புக் கொடி கம்பெனி சொத்து. எங்க வெச்சிருக்கீங்க?"

"வெச்சவர்கிட்டயே இருக்கு. கேட்டத் தாண்டி மேல ஏறுங்க. பேரு போட்டிருக்கும்."

அவர் விறைப்பாகக் கிளம்பிப் போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தோம். அவர் கேட்டை நெருங்கும்போது நிலக்கரி வண்டி ஒன்று மெதுவாக வந்து குறுக்கே நின்றது. அவர் கடிகாரத்தைப் பார்த்தார், போனை எடுத்துக் காதில் வைத்தார்.

ஆர்ஃபா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள். "நிதானமா வெட்டு லோரீன். அவரு அந்தப் பக்கம் போக நேரமாகும்."