வேப்பமரத்தடிச் சாமி படங்கள்

ஆனையூரில் எங்கள் தெரு முனைப் பிள்ளையார் கோயிலை ஒட்டி ஒரு வேப்பமரம் நிற்கிறது. வீடு மாறுகிறவர்களும் பூஜை அறைக்குப் புதுசாகப் பெயின்ட் அடிக்கிறவர்களும் பழைய சாமி படங்களை அதன் தூரில் சாய்த்துவிட்டுப் போவார்கள். குப்பையில் போட யாருக்கும் மனசு வராது. குப்பை வண்டி தள்ளிவரும் அக்காவும் தொடமாட்டார். அவருக்கும் சாமிதானே.

போன ஆடிக் காற்றில் படங்கள் சரிந்து உடைந்தன. காலையில் கூட்ட வந்த அந்த அக்காவின் பாதத்தில் கண்ணாடி ஏறிவிட்டது. நான்தான் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். தையல் போடும்போதுகூட, மிதித்தது எந்தச் சாமியோ என்றுதான் புலம்பிக்கொண்டிருந்தார். எனக்குக் கோபமாக வந்தது. யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை.

சாயங்காலம் பக்கத்துத் தெருவில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் பாயிடம் போய், எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். சட்டம், தகரம், கண்ணாடி எல்லாம் அவருக்கு ஆகும். ஆனாலும் தயங்கினார்.

“படத்த நான் பிரிக்கிறத ஒருத்தன் போட்டோ எடுத்துப் போட்டாப் போதும்க்கா. கடைய மூட வேண்டியதுதான்.”

அவர் பயம் நியாயமானது. “நானே பிரிச்சுத் தாரேன்,” என்றேன். குறடு எடுத்துக் கொடுத்தார்.

கோயில் வாசலில் உட்கார்ந்து ஆணிகளைப் பிடுங்க ஆரம்பித்தேன். போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். எதிர்வீட்டுக்காரர் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். அதில் ரெண்டு படம் அவர் வைத்ததாம்.

தாளை என்ன செய்வது என்று புரியவில்லை. பழசாகிப்போன குர்ஆன் தாள்களைத் தங்கள் பள்ளிவாசலில் துணியில் சுற்றி, கால் படாத இடத்தில் புதைப்பார்கள் என்றார், சட்டங்களை எடுத்துப்போக வந்த பாய். அதைப் பூசாரியிடம் சொன்னேன். அவர் கோயிலுக்குப் பின்னால் அரளிச்செடி ஓரமாகக் குழி வெட்டச் சொல்லி, சூடம் காட்டி, முதல் தாளைத் தானே உள்ளே வைத்தார்.

இப்போது பலரும் வீட்டிலேயே பிரித்து, தாளைப் பூசாரியிடமும் மற்றதைப் பாய் கடையிலும் கொடுக்கிறார்கள். காயம் ஆறி வேலைக்குத் திரும்பிய அக்காவும் தன் வீட்டில் விரிசல் விட்டிருந்த முருகன் படத்தைக் கொண்டுவந்தார். லேமினேட் செய்தவைதான் தொந்தரவு. பிரியவும் பிரியாது, மக்கவும் மக்காது. பூசாரியும் வேண்டாமென்கிறார், பாயும் வேண்டாமென்கிறார். ஒரு சாக்கு நிறைய எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே கிடக்கின்றன.