பேயாக ஆடப் போன வேலாயி

நம்பாதவர்கள் நம்பவே வேண்டாம். ஆனால் கஸ்பர் கதை கட்டுகிற ஆள் இல்லை. ஹட்டன் தியேட்டரில் பதினெட்டு வருஷம் படம் ஓட்டியவர். எத்தனையோ பேய்ப் படங்களைத் தூங்கி வழிந்துகொண்டே ஓட்டியிருக்கிறார். அவருக்கு நடந்தது இது.

1979 ஜூலை, ஒரு ஞாயிற்றுக்கிழமை. நோட்டன் பிரிட்ஜ் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே வெள்ளைக்காரத் துரைமார் விட்டுப்போன கிளப்பில் ஒரு பழைய படச் சுருளும் மெஷினும் கிடந்தன. ஓடுகிறதா என்று பார்க்கக் கஸ்பரைக் கூப்பிட்டிருந்தார்கள். கிளப்பைக் கூட்டிப் பெருக்குகிற பேச்சியம்மா கதவருகே தயங்கி நின்றாள். ஐம்பத்தைந்து வயது இருக்கும்.

"தம்பி, அந்தப் படத்துல எங்கம்மா இருக்காங்க. பேரு வேலாயி. எனக்கு ரெண்டு வயசா இருக்கையில, தொரை எடுத்த படத்துல பேயா ஆடப் போனாங்க. திரும்பி வரல. போட்டோவும் இல்ல. மொகத்த ஒரு தடவ பாத்துட்டா போதும்."

கஸ்பருக்கு மனசு கேட்கவில்லை. "உக்காருங்க அக்கா. காட்டுறேன்."

ஜன்னல்களைக் கம்பளியால் மூடினார். மணி 3.10. மெஷினின் கைப்பிடியைச் சுற்றினார். பேசாத காலத்துப் படம். மெஷினில் ஒலிபெருக்கியே கிடையாது.

சுவரில் ஒரு மாயக் கோட்டை வந்தது. இந்திய ராணியாகத் துரையின் பெண்சாதி, முகத்தில் பழுப்புச் சாயம் அப்பிக்கொண்டு நடந்தாள். ராஜா, மந்திரவாதி எல்லாம் தலைப்பாகை கட்டிய துரைமார். மலை முழுக்க நம் சனம் இருந்தும் ராணி வேஷத்துக்கு ஒருத்தியும் தேறவில்லையாம். துரைமார் பெயர்கள் இங்கிலீஷில் வரிசையாக வந்தன. பேய்களுக்கு மட்டும் ஒரே வரி... 'தோட்டக் கூலிகள்.' கஸ்பருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

3.22. பேய்கள் வந்தன. ஆறு பெண்கள். இருக்கிற கறுப்பு போதாதென்று முகமெல்லாம் கரி. கண் மட்டும்தான் தெரிந்தது.

பேச்சியம்மா எழுந்து சுவருக்குக் கிட்டப் போனாள். "இதுல யாரு தம்பி எங்கம்மா?" குரல் உடைந்துபோயிற்று.

அவளைத் தேற்றுவதாக நினைத்துக் கஸ்பர் ஒன்று சொன்னார். சொல்லியிருக்கக் கூடாது.

"பெரட்டுல கூப்புடுற மாதிரி பேரச் சொல்லிக் கூப்புட்டுப் பாருங்க அக்கா."

விடியலில் வேலைக்கு ஆள் எடுக்கிற இடம் பெரட்டு. அங்கே பேரைக் கூப்பிட்டால் குரல் கொடுத்தே ஆக வேண்டும்.

"வேலாயி..."

ஐந்து பேர் ஆடிக்கொண்டே இருந்தார்கள். ஓரத்தில் ஒருத்தி மட்டும் நின்றாள்.

கஸ்பர் கைப்பிடியை விட்டுவிட்டார். டக்... டக்... டக்... மெஷின் நின்றது.

படம் நிற்கவில்லை.

அவள் திரும்பினாள். முன்னால் வந்தாள். இன்னும் கிட்டே...

இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்தாள்.

கரி போனது. இளம் வயதுப் பேச்சியம்மாவின் முகம்.

"வந்தேங்க..."

சுவரிலிருந்து கேட்டது.

3.26. மெஷின் விளக்கு அணைந்தது.

இருட்டில் பேச்சியம்மா அழுகிற சத்தம். "பாத்துட்டேன் தம்பி... பாத்துட்டேன்." அவள் அன்றுதான் நிம்மதியாகத் தூங்கினாளாம். கஸ்பருக்கு ஒரு வாரம் காய்ச்சல்.

காய்ச்சல் விட்டதும் கொட்டகலைக்குப் போனார். அந்தத் தோட்டத்தின் பழைய கிளார்க் மத்தியாஸ் அங்கே மகள் வீட்டில் இருந்தார். வேலாயி பேரைக் கேட்டதும் கிழவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"படம் எடுக்கத் தொடங்குன மொத நாளே கோட்டைய எரிக்கிற சீன் எடுத்தாங்க. அவ உள்ள மாட்டிக்கிட்டா. வெளிய சொல்லக் கூடாதுன்னு தொரை சொல்லிட்டாரு. அன்னைக்கு ராத்திரியே பொதைச்சிட்டோம்."

"அப்ப பேய் ஆடுற சீன்?"

"அது மூணு நாள் கழிச்சு."

"ஆறு பேரு ஆடுறாங்களே..."

மத்தியாஸ் இல்லையென்று தலையை ஆட்டினார்.

"அஞ்சு பேரு. நான்தான் கரி பூசிவிட்டேன்."