எதிர் இருக்கையில் நெஸ்தான்

இருபத்திரண்டு வருடமாக இந்தத் துறை அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறேன். வெளிநாட்டிலிருந்து முதுகலை படிக்க வருகிறவர்களுக்குச் சாவி கொடுப்பது, படிவத்தில் கையெழுத்து வாங்குவது, அழுதால் காகிதக் கைக்குட்டையை நீட்டுவது, எல்லாம் என் வேலைதான். செப்டம்பரில் வரும்போது அவர்கள் முகம் பளிச்சென்று இருக்கும். எங்கள் வடகோடி நாட்டில் நவம்பரில் பிற்பகல் மூன்று மணிக்கே இருட்டத் தொடங்கியதும் அதே முகங்கள் பிழியாமல் போட்ட துணி மாதிரி ஆகிவிடும். நெஸ்தான் மட்டும் வரும்போதே அப்படித்தான் வந்தாள்.

ஜார்ஜியாக்காரி. முப்பத்தாறு வயது. சுக்தீதி என்ற ஊரில் வனத்துறை அலுவலகத்தில் வேலை பார்த்தவள். ஒன்பது வயது மகன் சான்த்ரோவைத் தங்கையிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். ஜூலை முதல் தேதிக்குள் பட்டத்தோடு திரும்பினால் அங்கே அதிகாரி பதவி. இல்லையென்றால் அந்த நாற்காலி வேறு யாருக்கோ. இங்கே தங்குவதற்கான அனுமதியும் ஜூன் முப்பதோடு முடிகிறது. காலை நாலரைக்குப் பணிமனையில் பேருந்து கழுவிவிட்டு வந்து, ஒன்பது மணி வகுப்பில் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே தூங்குவாள். இரண்டு குளிர்காலம் இப்படியே ஓட்டினாள்.

அவளுக்கு இங்கே ஆள் என்று இருந்தது லிம்பானி ஒருவன்தான். மலாவி நாட்டவன். இருபத்தேழு வயது. விடுதியில் இரண்டு பேருக்கும் ஒரே சமையலறை. அவன் கிண்டிய மக்காச்சோளக் களியை இவள் சாப்பிடுவாள், இவள் செய்த பாலாடைக்கட்டி ரொட்டியை அவன் காலி செய்வான். கொசுக்கடியில் காட்டுக்குப் போய் அவன் அளவெடுத்தபோது, டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றதும் இவள்தான். மரம் வெட்டிய இடத்தில் பனிமான்கள் தின்னும் பாசி திரும்ப முளைக்கிறதா என்பது அவன் ஆய்வு. நாற்பது இடங்களில் தரையில் கட்டம் போட்டு அளந்தான். நெஸ்தானின் ஆய்வு வனத்தில் போட்டிருக்கும் வேலிகளைப் பற்றியது. அதை அவள் முன்பே முடித்துத் தேர்ச்சி வாங்கியிருந்தாள்.

எங்கள் நாட்டுப் பல்கலைக்கழகங்களில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் தன் ஆய்வேட்டை எழுதி முடித்தால் மட்டும் போதாது. இன்னொரு மாணவரின் ஆய்வேட்டுக்கு எதிர்வாதியாக உட்கார்ந்து, அதைக் குடைந்து, எல்லார் முன்னாலும் குறை சொல்ல வேண்டும். அதற்கும் தேர்ச்சி உண்டு, தோல்வி உண்டு. லிம்பானிக்கு எதிர்வாதியாக நெஸ்தானின் பெயர் விழுந்தது. பட்டியலைத் தட்டச்சு செய்தது நான்தான்.

ஜூன் தொடக்கத்தில் அவன் ஆய்வேட்டு அமர்வு. அதற்கு நான்கு நாள் முன்பு நெஸ்தான் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"குன்வோர், இந்த எதிர்வாதி வேலைய வேற யாருக்காவது குடுக்க முடியாதா?"

"ஏன்? அவன் சரியா எழுதலையா?"

"நல்லாத்தான் எழுதியிருக்கான்."

"அப்புறம் என்ன கவலை உனக்கு? போய்ப் படி."

போய்விட்டாள். அவளை உட்கார வைத்து என்ன விஷயம் என்று கேட்டிருக்க வேண்டும். அன்றைக்கு எனக்கு அச்சு இயந்திரத்தோடு சண்டை, கேட்கவில்லை.

அமர்வு அன்று காபி வைப்பதற்காக நானும் அறையில் இருந்தேன். தேர்வாளர் தோர்பியோர்ன் மூலையில் உட்கார்ந்திருந்தார். அவர் வாய் திறந்து ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் காபி ஆறிவிடும், அப்படிப்பட்ட மனிதர். லிம்பானி படம் போட்டு விளக்கி முடித்தான். நெஸ்தான் எழுந்தாள். இங்கே யாரும் எழுந்து நின்று பேசமாட்டார்கள். அவள் எழுந்து, மார்பில் கைவைத்து, லிம்பானியின் உழைப்பை, பொறுமையை, அவனைப் பெற்ற தாயை, மழையில் நனைந்த அவன் காலணியைக்கூட விடாமல் பதினைந்து நிமிடம் புகழ்ந்தாள். அவள் ஊர் விருந்துகளில் கோப்பையை உயர்த்தி இப்படித்தான் வாழ்த்துவார்களாம். கையில் மதுதான் இல்லை. லிம்பானி தலையைக் குனிந்துகொண்டான்.

தோர்பியோர்ன் கேட்டார். "நாலாவது அட்டவணையில ஏதாவது பாத்தீங்களா?"

"நல்லாயிருக்கு."

"மூணாவது வரிசை?"

"அதுவும் நல்லாயிருக்கு."

அந்த வரிசையில் இருந்த எண்கள் முந்தின வருடத்து எண்கள். தவறுதலாக ஒட்டியிருந்தான். அதைத் தோர்பியோர்ன் முதல் நாளே கண்டுபிடித்து வைத்திருந்தார். எதிர்வாதி சொல்லட்டும் என்று காத்திருந்தார், அவ்வளவுதான். இங்கே குறை சொன்னால் யாரும் தோற்றுவிட மாட்டார்கள், திருத்திக் கொடுக்கச் சொல்வார்கள். லிம்பானியிடம் அட்டவணையைத் திருத்தச் சொல்லித் தேர்ச்சி கொடுத்தார். எதிர்வாதி வேலையைச் செய்யவில்லை என்று நெஸ்தானைத் தோற்கடித்தார். அடுத்த அமர்வு அக்டோபரில், அவளுடைய ஜூலைக் கெடு தாண்டி.

என் அறைக்கு வந்து உட்கார்ந்தாள். அழவில்லை. அழக்கூட அவளுக்குத் தெம்பு இல்லை.

"எங்க ஊர்ல ஒருத்தனை நாலு பேர் முன்னாடி உக்கார வச்சா, புகழத்தான் உக்கார வப்போம்."

"தப்பு இருந்தது தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

கதவருகில் லிம்பானி நின்றிருந்தான். அவனுக்கு அப்படிக் கோபம் வந்து நான் பார்த்ததே இல்லை.

"தெரிஞ்சே சொல்லலியாக்கா? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த? நான் என்ன சின்னப் புள்ளையா, தாங்கமாட்டேன்னு நெனச்சியா?"

எனக்கோ அவர்கள் இரண்டு பேர்மேலும் எரிச்சல், என்மேல் அதைவிட எரிச்சல். விதிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். ஆய்வாளர் மறுபடி உட்காரச் சம்மதித்தால், அதே ஆய்வேட்டுக்கு எதிர்வாதி இன்னொரு முறை பேசலாம் என்று ஒரு விதி இருந்தது. இருபத்திரண்டு வருடத்தில் யாரும் அதைத் தொட்டதில்லை. தேர்ச்சி வாங்கியவன் எதற்கு மறுபடி போய்க் கழுத்தை நீட்டுவான்?

லிம்பானி நீட்டினான். "உக்கார்றேன். ஆனா முழுசாச் சொல்லணும். ஒண்ணு மறைச்சாலும் எழுந்து போயிடுவேன்."

வெள்ளிக்கிழமை அதே அறை. நெஸ்தான் உட்கார்ந்தபடியே பேசினாள். அட்டவணை, விட்டுப்போன மேற்கோள், வரைபடத்தில் தலைகீழாகக் கிடந்த குறியீடு என்று முப்பது நிமிடம் உரித்தெடுத்தாள். லிம்பானி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னான். தோர்பியோர்ன் தலையாட்டினார். தேர்ச்சிக்கு அதுவே தாராளம். நான் காபிக் கோப்பைகளை அடுக்க ஆரம்பித்தேன்.

அவள் கையில் இன்னும் ஒரு தாள் இருந்தது. அதைப் பார்த்தாள், லிம்பானியைப் பார்த்தாள்.

"நிறுத்தாத" என்றான் அவன்.

"பன்னெண்டு கட்டம் ஒரு வேலிக்குள்ள இருக்கு. நாம அளக்கப் போனப்ப கதவு திறந்து கெடந்துச்சு. ஆனா அது கோடையில மட்டும்தான் திறந்திருக்கும். பனிமான் வர்ற குளிர்காலத்துல பூட்டிடுவாங்க. என் ஆய்வுக்கு அந்த வேலியோட காகிதத்தை வாங்கினப்பதான் எனக்கே தெரிஞ்சுது. அந்தப் பன்னெண்டுலயும் எந்த மானும் மேஞ்சிருக்காது. பாசி நல்லா வளந்திருக்குன்னு நீ சொல்றது அதனாலதான்."

இதைத் தோர்பியோர்ன் கண்டுபிடித்திருக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். லிம்பானி உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான். ஆகஸ்டில் முனைவர் படிப்புக்கு அவனுக்கு இடம் தயாராக இருந்தது.

"அப்ப அது பன்னெண்டும் கணக்குல வராது" என்றார் தோர்பியோர்ன்.

"வராது" என்றான் லிம்பானி.

நெஸ்தான் தேறினாள். லிம்பானிக்குக் கொடுத்த தேர்ச்சியை நிறுத்தி வைத்தார்கள். வேலிக்கு வெளியே புதிதாகப் பன்னிரண்டு கட்டம் அளந்து, கணக்கெல்லாம் மறுபடி போட்டு ஜூன் கடைசிக்குள் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆகஸ்டு இடம் கிடையாது. எங்கேயும் பார்க்காமல் அவன் வெளியே போனான்.

ஜூன் பன்னிரண்டாம் தேதிக்கு நெஸ்தானுக்கு விமானச் சீட்டு இருந்தது. பத்தாம் தேதி அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"இத இருபத்தெட்டுக்கு மாத்தித் தர்றீங்களா? அந்த இணையதளம் எனக்குப் புரியல."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "பைத்தியமா உனக்கு? பட்டம் கெடச்சாச்சு, ஊர் போய்ச் சேரு. புள்ள அங்க காத்துக்கிட்டிருக்கான்."

"விடுதியே காலி, குன்வோர். எல்லாரும் ஊருக்குப் போயாச்சு. டேப்போட இன்னொரு முனைய யார் பிடிப்பா?"

"அவன்தான் உன்கிட்ட பேசறதே இல்லியே."

"பேசாதவன் கையிலயும் டேப்புக்கு ரெண்டு முனைதானே."

மாற்றிக் கொடுத்தேன்.

தினமும் முதல் பேருந்தில் போவார்கள். சாயங்காலம் நெஸ்தான் முகமெல்லாம் கொசுக்கடியாக வந்து கருவி அறைச் சாவியை என் மேசையில் வைப்பாள். முதல் மூன்று நாள் லிம்பானி எண்களைத் தவிர வேறு எதுவும் பேசவில்லையாம். நாலாம் நாள் களி கட்டி எடுத்து வந்து, பாதியை இவள் பக்கம் தள்ளினானாம். புதிய கணக்கில் அவன் கண்டுபிடிப்பு பாதியாகச் சுருங்கியது. ஆனாலும் நின்றது. இருபத்து நாலாம் தேதி தோர்பியோர்ன் கையெழுத்துப் போட்டார்.

சீட்டை மாற்றிய நாளிலிருந்து சான்த்ரோ தொலைபேசிக்கு வரவே இல்லை. தங்கை கூப்பிட்டுப் பார்த்தும் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்வானாம். கையெழுத்து ஆன அன்று சாயங்காலம் என் அறையிலிருந்துதான் அவள் ஊருக்குப் பேசினாள். அன்றைக்குத்தான் பையன் பேசினான். அவர்கள் பேசியது எனக்குப் புரியவில்லை. வைத்த பிறகு அவளே சொன்னாள்.

"ஏம்மா லேட்டுன்னு கேட்டான். ஒருத்தர்கிட்ட ஒரு உண்மையச் சொன்னேன், அதனால அவருக்கு வேலை கூடிப்போச்சு, கூட நிக்க வேண்டியதாப் போச்சுன்னேன். 'சொல்லாம இருந்திருக்கலாமே அம்மா'ங்கிறான்."

"நீ என்ன சொன்ன?"

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சொல்லாம இருந்து பாத்தேன்டா, அது இதவிடக் கஷ்டமா இருந்துச்சுன்னேன்."