கொம்பில் பூ பூக்கும் பெண்ணும் வீரபாண்டி மைக்செட்டும்

ஐம்பது வயதைத் தாண்டியவன், கம்பத்தில் சொட்டுநீர்க் குழாய்க் கடை வைத்திருப்பவன், வீட்டில் ஒரு சுவர் நிறைய கனமான நாவல்களை அடுக்கி வைத்திருப்பவன். அப்படிப்பட்ட ஒருவன், தலையில் கொம்பு முளைத்த கார்ட்டூன் பெண் ரொட்டிக் கடைக்காரனின் கையைப் பிடிப்பாளா மாட்டாளா என்று வியாழக்கிழமை முழுக்கத் தவித்துக்கொண்டிருந்தால் அவனை என்ன செய்வது? திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர் பதினாறு எம்எம் குழாய் கேட்டார். நான் இருபதை அளந்து கொடுத்தேன். "என்னண்ணே, மேலுக்குச் சொகமில்லையா?" என்றார். மேலுக்கு ஒன்றுமில்லை, இன்றைக்கு எபிசோடு நாள் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

எல்லாம் மகள் செய்த வேலை. பெங்களூரில் வேலை பார்க்கிறவள் சிவராத்திரிக்குக் குலசாமி கும்பிட வந்தாள். டிவியில் அனிமே என்று ஒரு ஜப்பான் கார்ட்டூன் தொடரைப் போட்டாள். இரண்டு எபிசோடு ஓடியதும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பிப் போய்விட்டாள். நானும் என் மனைவியும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து, யார் முதலில் ரிமோட்டை எடுப்பது என்று காத்திருந்தோம். அவள்தான் எடுத்தாள். எடுத்த கையோடு சட்டமும் போட்டாள். "வாரத்துக்கு ஒண்ணுதான். ஒரே மூச்சுல பாத்தா என்ன ருசி இருக்கு?"

கதை இதுதான். மலை மேல் அரக்கர் குலம். தலைவரின் மகள் வீட்டைவிட்டு ஓடிவந்து, அடிவாரத்து ஊரில் ஒரு ரொட்டிக் கடையில் வேலைக்குச் சேர்கிறாள். பாறையை ஒற்றைக் கையால் தூக்குவாள், மாவு பிசையத் தெரியாது. கடைக்காரப் பையன் மகா பயந்தாங்கொள்ளி. வெட்கம் வந்துவிட்டால் அவள் கொம்பில் பூ பூக்கும். அதை மறைக்கத் தலையில் மாவுச் சாக்கைக் கவிழ்த்துக்கொள்வாள்.

நான் படித்து வளர்ந்த நாவல்களில் முந்நூறாவது பக்கத்துக்குள் யாராவது சாகாவிட்டால் அது இலக்கியமே இல்லை. மழை பெய்யும், ஒருத்தி கிணற்றைப் பார்ப்பாள், நான் புத்தகத்தை மூடிவைத்துவிடுவேன். இங்கே மழை பெய்தால் ஒரே குடையில் இரண்டு பேர் போகிறார்கள். ஊரையே கொளுத்தக்கூடிய மந்திரத்தை அந்தப் பெண் அடுப்புப் பற்றவைக்கப் பயன்படுத்துகிறாள், ரொட்டியையும் கருக்கிவிடுகிறாள். யாரும் சாக மாட்டார்கள் என்று முதல் எபிசோடிலேயே தெரிந்துவிடுகிறது. தெரிந்த பிறகும் நெஞ்சு இப்படி அடித்துக்கொள்கிறதே, அதுதான் எனக்குப் பிடிபடாத அதிசயம். இரண்டு விரல்கள் மாவில் பட்டுக்கொண்டதற்கு நான் சோபாவிலிருந்து எழுந்து நின்றிருக்கிறேன். கையில் காபியோடு.

சப்டைட்டில் இங்கிலீஷில் விரட்டிக்கொண்டு ஓடும். மனைவிக்கு அந்த வேகம் ஒத்துவராது. அதனால் டப்பிங் என் பொறுப்பு. அரக்கர் தலைவர் கடை வாசலில் வந்து நின்ற அன்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஏலே, எம்மகளை எங்கனடா ஒளிச்சு வச்சிருக்க?" என்று தெருவுக்கே கேட்கும்படி கர்ஜித்தேன்.

"அவரு கோவத்துல பேசலைங்க," என்றாள். "அழுகைய அடக்கிக்கிட்டுப் பேசுறாரு. வாசிக்கிறதை நிப்பாட்டிட்டுக் கொரலைக் கேளுங்க."

கேட்டேன். ஆமாம், அடக்கிக்கொண்டுதான் பேசினார். அதன்பிறகு என் டப்பிங்குக்கு மரியாதை குறைந்துபோனது.

முக்கியமான விஷயத்தைப் பிடித்தவளும் அவள்தான். "கவனிச்சீகளா? அந்தப் புள்ள இன்னும் அவன் பேரைச் சொல்லவே இல்லை. 'ஏய் ரொட்டி'ன்னுதான் கூப்புடுறா." உண்மை. அந்தக் குலத்தில் பெண் ஒருத்தி ஒருவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் மனதைக் கொடுத்துவிட்டாள் என்று அர்த்தமாம். முழுத் தொடரும் அந்த ஒரு பேருக்காகத்தான் நகர்கிறது. போனில் மகளிடம் சொன்னபோது, "பேரைச் சொல்றதுல என்னப்பா இருக்கு?" என்றாள். அவள் தலைமுறைக்கு அதை விளக்கிச் சொல்ல வேண்டும். எங்களுக்கு வேண்டியதில்லை. கல்யாணமான நாளிலிருந்து என் மனைவி என் பேரைச் சொன்னதில்லை. நான் 'ஏங்க', மற்றவர்களிடம் 'இவுக'. அர்ச்சனைத் தட்டை நீட்டி ஐயர் பேர் கேட்டால் மகளின் இடுப்பில் இடிப்பாள், மகள் சொல்வாள். ஆஸ்பத்திரியில் ஆதார் கார்டை நீட்டிவிடுவாள். என் பேர் ஒரு சாமி பேர், தெருவுக்கு நாலு பேருக்கு வைக்கிற பேர். அந்தச் சாமியையே அவள் 'இவுக பேருள்ள சாமி' என்றுதான் கும்பிடுகிறாள். அவருக்கு எப்படி இருக்குமோ!

திருவிழா எபிசோடு வந்தது. இந்த வகைத் தொடர்களில் ஒரு திருவிழா கட்டாயம் உண்டு என்று மகள் முன்பே எச்சரித்திருந்தாள். ஆற்றங்கரை, விளக்கு, கூட்டம். அந்தப் பெண் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு அவன் பேரைச் சொல்கிறாள். சொன்ன நொடியில் வாணம் வெடிக்கிறது. அவன் திரும்பி, "என்ன சொன்ன?" என்கிறான்.

தலையணையை டிவி மேல் எறிந்தேன். "இவனுக்கெல்லாம் காது எதுக்கு? அறுத்துப் போடச் சொல்லு!"

மனைவி தலையணையை எடுத்துத் தட்டி மடியில் வைத்துக்கொண்டாள். அந்தக் கொதிப்பில் கேட்டுவிட்டேன். "நீ ஒரு தடவை எம் பேரைச் சொல்லேன். சும்மா ஒரே தடவை."

"தேவைன்னு வந்தாச் சொல்லுவேன். சும்மா சொல்லிப் பாக்குறதுக்கு அதென்ன சினிமாப் பாட்டா?"

அன்றிலிருந்து எனக்கு இரண்டு கவலை. ரொட்டிக்காரனுக்கு அவன் பேர் கேட்குமா? எனக்கு என் பேர் கேட்குமா? கடையில் குழாய் அளவுகள் மேலும் குழம்பின.

கடைசி எபிசோடுக்கு முன்னால் வீரபாண்டிச் சித்திரைத் திருவிழா வந்துவிட்டது. வருசா வருசம் போகிறதுதான். முல்லையாற்றில் குளிக்க இறங்கும்போது போன், பர்ஸ் எல்லாவற்றையும் அவள் பையில் போட்டேன். குளித்து, உடை மாற்றி, கௌமாரியம்மனைக் கும்பிட்டு வெளியே வந்தோம். தீச்சட்டிக்காரர்களுக்கு வழிவிட்டுக் கூட்டம் இரண்டாகப் பிளந்தது. அவள் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். பிறகு கூட்டம் மூடிக்கொண்டது.

கொஞ்ச நேரம் தேடினேன். கொஞ்ச நேரம் என்பதை அவள் வேறு மாதிரி சொல்வாள். ராட்டினத்துக்குப் பக்கத்தில் மிளகாய் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தார்கள். தேடுகிறவனுக்கும் தெம்பு வேண்டும். ஒரு தட்டு வாங்கினேன்.

மேளச் சத்தத்துக்கு நடுவே மைக்செட்டில் ஒரு பெண் குரல் வந்தது. ஒரு பேர். கரகரவென்று ஓர் இரைச்சல். மறுபடி அதே பேர். "எங்கன இருந்தாலும் வாங்க." குரல் நடுங்கியது. பேர் என் பேர்தான். ஆனால் தெருவுக்கு நாலு பேர் என்றால் வீரபாண்டிக் கூட்டத்துக்கு எத்தனை பேர்!

"பாருங்க," என்றேன் பஜ்ஜிக்காரரிடம். "எவனோ ஒருத்தன் பொண்டாட்டியத் தவிக்க விட்டுட்டுத் திரியுறான்."

"ஆம்பளைக எல்லாம் அப்படித்தாண்ணே. சட்னி வைக்கவா?"

"வைங்க."

பிறகு ஓர் ஆண் குரல். "நீலக் கட்டம் போட்ட சட்டை. முன்வழுக்கை. கண்ணாடி. கையில எதையாவது தின்னுக்கிட்டு நிப்பாருன்னு வீட்டம்மா சொல்றாக…"

பஜ்ஜிக்காரர் கரண்டியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் என் சட்டையைப் பார்த்தேன். பிறகு பஜ்ஜியைப் பார்த்தேன்.

மைக்செட் கொட்டகைக்கு ஓடினேன். கைப்பையையும் ஈரத்துணிப் பையையும் நெஞ்சோடு அணைத்தபடி அவள் நின்றிருந்தாள். காது மடல் இரண்டும் செக்கச்சிவந்திருந்தன.

"அப்ப அது… நீயா?"

"ரெண்டு தடவ சொன்னேன்."

மைக்காரர் ஆறுதலாகச் சொன்னார். "அக்கா கணீர்னுதான் சொன்னாக. ஆத்தங்கரை வரைக்கும் கேட்டிருக்கும்."

ஆற்றங்கரை வரைக்கும் கேட்டது. குச்சனூர்க்காரர்களும் சின்னமனூர்க்காரர்களும் கேட்டார்கள். அம்மன் கேட்டாள். இத்தனை வருசம் அவள் எனக்காகச் சேர்த்துவைத்திருந்த ஒன்றை, ஊர் முழுக்கக் கேட்க, நடுங்கி நடுங்கி எடுத்து நீட்டியிருக்கிறாள். நான் சட்னி வைக்கச் சொல்லியிருக்கிறேன். அந்தக் குரல் எனக்குத் தெரியும். அந்தப் பேரும் தெரியும். இரண்டும் ஒன்றாக வந்து நான் கேட்டதே இல்லையே!

பஸ்ஸில் கெஞ்சினேன். "இன்னொரு தடவ. மெதுவா. இங்கன யாருக்கும் கேக்காது."

"மைக்குல சொன்னதே கேக்கலை. பஸ்ஸுல சொன்னாக் கேக்குமாக்கும்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆனால் தோள் குலுங்கியது. சிரிக்கிறாள். உத்தமபாளையம் வரை குலுங்கியது.

வியாழக்கிழமை கடைசி எபிசோடு. வாணமில்லை, கூட்டமில்லை. விடியக் காலையில் மாவு பிசைந்துகொண்டே அந்தப் பெண் அவன் பேரைச் சாதாரணமாகச் சொல்கிறாள். அவன் திரும்புகிறான். கொம்பு நிறையப் பூ. சாக்கைத் தேடவில்லை அவள். நான் எழுந்து நின்று கை தட்டினேன், பக்கத்து வீட்டில் விளக்குப் போட்டார்கள்.

"அவனுக்குக் கேட்டுருச்சு," என்றாள் மனைவி, என்னைப் பார்க்காமல்.

"எனக்கு?"

"அடுத்த சித்திரைக்கு வீரபாண்டியில தொலைஞ்சு பாருங்க. தேவைன்னு வந்தாச் சொல்லுவேன்."

எங்கள் பக்கத்தில் யாருக்கும் கொம்பு முளைப்பதில்லை. காது மடல்தான். பார்த்தேன், பூத்திருந்தது.

கட்டம் போட்ட சட்டைகளை எல்லாம் எடுத்துக் கொடுத்துவிட்டேன். திருவிழாவுக்கு வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் அப்படித்தான் வருவார்கள். அடையாளம் சொல்லிக் கண்டுபிடிக்கவே முடியாது, பேரைத்தான் சொல்லியாக வேண்டும். பஜ்ஜியும் தின்னப்போவதில்லை.