அறுத்த ஓரத்தில் துரு

பிஸ்மத் ஃபெரைட் என்ற பொருளோடு ஐந்து வருடம் மாரடித்தேன். பொடியைக் கோட் பட்டன் அளவு வில்லையாக அழுத்திச் சூளையில் சுட்டு எடுத்தால் கருகிய பிஸ்கட் மாதிரி இருக்கும். மின்னழுத்தம் கொடுத்தால் அதன் உள்ளிருக்கும் மின்னேற்றங்கள் ஒரு பக்கம் சாயும். மின்னழுத்தத்தை எடுத்த பிறகும் சாய்ந்தபடியே நிற்கும். கூடவே காந்தக் குணமும் உண்டு. அறை வெப்பத்தில் இந்த இரண்டும் ஒரே பொருளில் சேர்ந்திருப்பது அபூர்வம். தொல்லை என்னவென்றால், அதன் காந்தம் ரொம்ப அற்பம். அணுக்காந்தங்கள் எதிரெதிராக நின்று ஒன்றையொன்று அடித்துவிடும். அதை வலுவாக்குகிறேன் என்று கிளம்பியவர்களுக்குக் கணக்கில்லை. லாந்தனம் என்ற தனிமத்தைக் கலந்தால் நடக்கும் என்று நானும் கிளம்பினேன்.

தாம்பரம் பக்கத்தில் ஒரு கல்லூரியில் பிராக்டிகல் வகுப்பு எடுத்துக்கொண்டே பகுதி நேரப் பிஎச்.டி. காந்தத்தை அளக்கும் கருவி எங்களிடம் இல்லை. வெளியே அனுப்ப வேண்டும். அதற்கு அரிசி அளவு துண்டு போதும். துண்டாக்கும் வைரச் சக்கரத்தின் மோட்டார் எரிந்து போயிருந்தது. ரிப்பேருக்கு நான் எழுதிய கடிதம் ஆபீசில் எந்த ஃபைலுக்கு அடியில் கிடந்ததோ தெரியாது. பொறுமை போய், ஸ்கூட்டரில் திருமுடிவாக்கத்துக்குப் போனேன். அங்கே லேத் பட்டறை வைத்திருந்த பாய்தான் எங்களுக்கு வில்லை அழுத்தும் அச்சு செய்து கொடுத்தவர்.

“இன்னா மேடம் இது, கல்லாட்டம் கீது?”

“பத்திரமா அறுங்க பாய். ஒரு மாச வேலை.”

துணி சுற்றி வைஸ் இடுக்கியில் பிடித்து, இரும்பு அறுக்கும் ஹாக்சா பிளேடால் அறுத்தார். முடித்ததும் பிளேடைத் தூக்கிக் காட்டினார். “பல்லு மொத்தமும் பூட்ச்சு பாருங்க. இன்னாத்த போட்டு வேக வெச்சீங்க?”

சிரித்துவிட்டுத் துண்டை வாங்கிக்கொண்டு வந்தேன்.

அதை அனுப்பினேன்; அளவு வரைபடமாக வந்தது. கிட்டத்தட்ட நேர்கோடாக வர வேண்டியது, நல்ல காந்தத்துக்கு வருவதுபோல ‘எஸ்’ மாதிரி வளைந்து வந்திருந்தது. கைடு அந்தத் தாளை இரண்டு முறை திருப்பிப் பார்த்தார். அன்றைக்கே எழுதத் தொடங்கினோம். கட்டுரையை ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினோம். கட்டுரையைப் பரிசீலித்த ரெஃப்ரி கேட்ட சின்னத் திருத்தங்களைச் செய்தால் போட்டுவிடுவதாகப் பதில் வந்தது. கட்டுரை வந்தால்தான் ஆய்வேட்டைக் கொடுக்க முடியும். எனக்கு நீட்டிப்பெல்லாம் முடிந்து ஒரே ஒரு செமஸ்டர்தான் பாக்கி.

பிறகு மழை வந்தது. மேஜை டிராயரில் ஈரம் ஏறியது. அறுத்த வில்லையின் மிச்சத்தை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருந்தேன். எதற்கோ எடுத்தபோது அதில் ஆரஞ்சு நிறப் புள்ளிகள். சுற்றிலும் இல்லை. அறுத்த ஓரத்தில் மட்டும்.

பிளேடின் பற்கள் எங்கே போயின என்று அப்போதுதான் புரிந்தது. உடைந்த ஹெட்போனிலிருந்து காந்தத்தைப் பிடுங்கி அந்த ஓரத்தில் தேய்த்தேன். இரும்புப் பொடி ஒட்டியது.

நான்கு நாள் யாரிடமும் சொல்லவில்லை. நான் ஒன்றும் உத்தமி இல்லை. கவரைக் குப்பையில் போட்டால் முடிந்தது என்றுகூட நினைத்தேன். வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போய்ப் பழைய மிக்சி ஜார் ஒன்று வாங்கினேன். அது எனக்குத் தேவையே இல்லை.

ஐந்தாம் நாள், அதே கலவையில் சுட்ட இன்னொரு வில்லையைக் கல் உலக்கையால் உடைத்து, இரும்பு படாமல் அனுப்பினேன். நேர்கோடு வந்தது.

தாளைக் கைடின் மேஜையில் வைத்தேன்.

“ரெஃப்ரி கேட்டாரா? கேக்கல. நீ ஏம்மா நோண்டற?”

“சார், நாம அளந்தது ஹாக்சா பிளேட.”

“எல்லா லேப்லயும் கொஞ்சம் அழுக்கு இருக்கும்மா.”

“அழுக்கு இல்ல சார். மொத்தக் காந்தமும் அதுதான்.”

தாளை மடித்து வைத்தார். “உனக்கு இந்த செமஸ்டரோட முடியுது. தெரியும்ல?”

“தெரியும் சார்.”

அவர் கெட்டவர் இல்லை. ஓய்வுபெறப் போகிறவர்; கடைசியாக ஒன்று நன்றாக அமைந்தது என்று நம்பியிருந்தார். ‘தொழில்நுட்பக் காரணங்களால் கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம்’ என்று டைப் செய்தார். என்ன காரணம் என்று எழுதச் சொன்னேன்.

“ஹாக்சான்னு எழுதினா மானம் போயிடும்மா.”

“அறுக்கக் கொடுத்தது நான். என் பேரைப் போட்டு எழுதுங்க.”

எழுதினார். கீபோர்டை என் பக்கம் தள்ளி, “நீயே அனுப்பு” என்றார். அனுப்பினேன்.

செமஸ்டர் முடிந்ததும் என் பதிவு காலாவதியானது. அடுத்த வருடம் வேறு கைடிடம் முதலிலிருந்து பதிந்தேன். முன்னால் பிஎச்.டி.க்காக எழுதித் தேறிய தேர்வுகள் செல்லாது, மறுபடி எழுது என்றார்கள். தேர்வு அறைக்குள் நுழைந்தேன். பி.எஸ்சி.யில் என்னிடம் பிராக்டிகல் படித்த பெண் ஒருத்தி என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

“குட்மார்னிங் மேம். இந்த ஹாலுக்கு நீங்கதான் சூப்பர்வைசரா?”

“உக்காருடி. நானும் எழுதத்தான் வந்திருக்கேன்.”