பத்தாம் நம்பர் ஸ்பானர்

என் கல்யாண நகைகள் பீரோவில் எந்தத் தட்டில் இருக்கின்றன என்று கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வேன். பத்தாம் நம்பர் ஸ்பானர் எங்கே என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன். என் வீட்டுக்காரர் இதைச் சொல்லிச் சொல்லியே ஊரைச் சிரிக்க வைத்திருக்கிறார். சிரிக்கட்டும். அந்த ஸ்பானர் இல்லையென்றால் அவருடைய தம்பி இன்றைக்கும் கல்யாணமாகாமல் மொட்டை மரமாய்த்தான் நின்றிருப்பார்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. கோவில்பட்டியில் நாங்கள் கடலை மிட்டாய் போட்டு விற்றுக்கொண்டிருந்தோம். சரக்கு கொண்டுபோக வசதியாக இருக்கும் என்று என் வீட்டுக்காரர் ஒரு பழைய வெள்ளைக் காரை வாங்கிவந்தார். அவருக்கு ஓட்டத் தெரியும். பானெட்டைத் திறந்தால் உள்ளே இருப்பது எதுவும் தெரியாது. வண்டி நின்றால் கீழே இறங்கி, டயரை ஒரு உதை உதைத்துவிட்டு, என் முகத்தைப் பார்ப்பார். ஒர்க் ஷாப்பில் விட்டால் வண்டி அங்கேயே குடித்தனம் நடத்தும். நாளைக்கு வாங்க, நாளைக்கு வாங்க என்று அங்கே ஒரே பாட்டு. பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். என் அப்பா சைக்கிள் கடைக்காரர். பால்ரஸ் குண்டுகளை உருட்டி விளையாடி வளர்ந்தவள் நான். எனக்கா ஸ்பானரைப் பார்த்துப் பயம் வரும்?

அன்றிலிருந்து காய்கறி வாங்கப் போகும்போதெல்லாம் பழைய இரும்புக் கடையையும் ஒரு எட்டு பார்த்துவிட்டுத்தான் வருவேன். கடைக்காரர் முதலில் நான் ஓட்டைப் பித்தளையை எடைக்குப் போட வந்திருக்கிறேன் என்று நினைத்து, பையை வாங்கிப் பார்த்தார். உள்ளே கத்தரிக்காய். கட்டிங் பிளேயர், பெரிதும் சிறிதுமாய் இரண்டு திருப்புளி, காலால் மிதிக்கும் காற்றுப் பம்பு எல்லாம் அவரிடம் பொறுக்கியவைதான். பம்புக்குள் இருந்த தோல் வாசர் காய்ந்து சுருங்கிப்போயிருந்தது. இரண்டு நாள் எண்ணெயில் ஊறப்போட்டேன். அதன்பிறகு புஸ் புஸ்ஸென்று பாம்பாய்ச் சீறியது. புதிதாக வாங்கியது ஜாக்கியும் ஒரு செட் ஸ்பானரும் மட்டுந்தான். ஜாக்கியில் சிக்கனம் பார்க்கக் கூடாது. வண்டிக்கு அடியில் போகிறது நம் உடம்பு.

மிச்சமெல்லாம் அடுக்களையிலிருந்து குடிபெயர்ந்தவை. ஸ்டவ் அடைப்பை எடுக்கிற பின், கார்புரேட்டர் அடைப்பையும் எடுத்தது. மண்ணெண்ணெய் ஊற்றுகிற புனல் ஆயில் ஊற்றப் போனது. பிள்ளைகளுக்கு மருந்து விட்ட சொட்டுக்குழாயால் பேட்டரிக்குத் தண்ணீர் விட்டேன். பேட்டரி முனையில் பச்சையும் வெள்ளையுமாய்ப் பூத்துக் கிடந்தால், வெந்நீரில் ஆப்ப சோடாவைக் கரைத்து ஊற்றி, பழைய பல் பிரஷால் தேய்த்துவிடுவேன். நுரைத்துக்கொண்டு கழன்றுபோகும். அதைப் பார்க்க எனக்கு அவ்வளவு ஆசை. எல்லாவற்றையும் ஒரு தகரப் பெட்டியில் போட்டு, டிக்கியில் வைத்துவிட்டேன்.

என் வீட்டுக்காரரின் அக்கா, அதாவது என் நாத்தனார், அந்தப் பெட்டியைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைச் சுளிப்பார். பொம்பளை கையில் கரண்டி இருக்க வேண்டும், ஸ்பானர் என்னத்துக்கு என்பார். கரண்டியும் இருக்கிறது அக்கா, இரண்டையும் ஒரே சோப்பில்தான் கழுவுகிறேன் என்றேன். அன்றைக்கு அவர் என் வீட்டில் காபி குடிக்காமல் போனார்.

என் கொழுந்தன் ஒரு விதைக் கடையில் வேலை பார்த்தார். முப்பதைத் தாண்டியாயிற்று. வந்த சம்பந்தமெல்லாம் ஏதாவது ஒரு நொட்டையில் தட்டிக்கொண்டே போனது. அந்த ஆடியில், விளாத்திகுளம் பக்கத்திலிருந்து ஒரு பெண் தன் அப்பாவோடு பருத்தி விதை வாங்க வந்திருக்கிறாள். பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் படித்துவிட்டு, இது நாள் முடிந்த விதை, வேறு எடுங்கள் என்று கொழுந்தனிடமே திருப்பிக் கொடுத்திருக்கிறாள். கடையில் இத்தனை வருஷத்தில் அதைப் பார்த்துச் சொன்ன முதல் ஆள் அவள்தானாம். அன்று வீட்டுக்கு வந்த கொழுந்தன், ரசத்தில் மோரை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டார். எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

சொந்தத்தில் ஆளைப் பிடித்துப் பேச்சை நகர்த்தினேன். விஜயதசமி அன்றைக்கு, ராகு காலத்துக்கு முன்னால், பெண் பார்க்க வரச் சொன்னார்கள். பெண்ணின் அப்பா டிராக்டர் வைத்து உழவு ஓட்டுபவர். கறாரான மனுஷன் என்று சொன்னார்கள். பையன் வீட்டார் கொஞ்சம் முன்னே பின்னே நடந்தாலும் காபியைக் கொடுத்து அனுப்பிவைத்துவிடுவாராம். அப்படி இரண்டு கூட்டம் திரும்பிப் போயிருந்தது. கொழுந்தன் என்னிடம் மட்டும் வந்து சொன்னார்:

"மதினி, இதுவும் தட்டிப் போச்சுன்னா எனக்கு இனிமே பொண்ணே பாக்காண்டாம்."

சொல்லும்போது அவர் குரல் ஒரு மாதிரி இருந்தது. நல்ல பிள்ளை, தங்கமான பிள்ளை. இந்த இடத்தை எப்படியாவது முடித்துவிட வேண்டும் என்று மனதுக்குள் கங்கணம் கட்டிக்கொண்டேன்.

விஜயதசமிக்கு முந்தின நாள் ஆயுத பூஜை. அது என் மாமனாரின் ராஜ்ஜியம். காரைக் கழுவி, கண்ணாடியிலிருந்து சக்கரம் வரை சந்தனம் குங்குமம் வைத்தார். என் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய், ஒரு சாமான் விடாமல் பூஜைப் பலகையில் பரப்பினார். ஸ்பானர்கள் நெட்டை குட்டை வரிசைப்படி நின்றன. பல் பிரஷுக்குக்கூடப் பொட்டு. சாமிக்கு வைத்த ஆயுதத்தை மறுபூஜை போட்டுத்தான் எடுக்க வேண்டும். மறுபூஜையை அவசர அவசரமாகப் போடக் கூடாது, பெண் பார்த்துவிட்டு வந்து சாவகாசமாகப் போடலாம் என்று சொல்லிவிட்டார். விளாத்திகுளம் ரோட்டில் ஒரு திருப்புளிகூட இல்லாமல் போவதா என்று நான் முணுமுணுத்தேன். சரஸ்வதியே கூட வருகிறாள், ஸ்பானர் எதற்கு என்றார்.

காலையில் நாலு எலுமிச்சம்பழத்தையும் நசுக்கிக்கொண்டு வண்டி ஜோராகக் கிளம்பியது. வீட்டுக்காரர் ஓட்ட, பக்கத்தில் கொழுந்தன். பின்னால் மாமனார், நாத்தனார், நான். எட்டயபுரத்தில் பூ வாங்க நிறுத்தினோம். மறுபடி கிளப்ப இரண்டு மூன்று தரம் சாவியைத் திருக வேண்டியிருந்தது. எனக்கு அப்போதே சுருக்கென்றது. எட்டயபுரம் தாண்டி, இரண்டு பக்கமும் விதைப்புக்கு உழுதுபோட்ட கரிசல். ஒரு ஆட்டு மந்தை ரோட்டைக் கடந்தது. நிறுத்தினோம். எஞ்சின் அணைந்துவிட்டது. ஆடுகள் போய்விட்டன, வண்டி போகவில்லை.

சாவியைத் திருகினால் மூச்சில்லை. மாமனார் உள்பட ஆண்கள் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினார்கள். ஊஹும். கொழுந்தன் கடிகாரத்தைப் பார்ப்பதும் ரோட்டைப் பார்ப்பதுமாக இருந்தார். வேர்த்து வேர்த்து நெற்றியில் வைத்த விபூதி மூக்குக்கு வந்திருந்தது. என் வீட்டுக்காரர் வழக்கம்போல டயரை உதைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

நான் ஹாரனை அழுத்தினேன். அதுவும் ஊமை. சரி, பேட்டரியில்தான் கோளாறு என்று பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பானெட்டைத் திறந்தேன். பேட்டரி முனையைப் பிடித்திருக்கிற கிளாம்பு, ஆடுகிற பல்லாய் லொடலொடவென்று ஆடியது. கையாலேயே கழன்று வந்தது. அடியில் பார்த்தால், ஈய முனையைச் சுற்றி வட்டமாகச் சந்தனம். அதன் நடுவில் குங்குமம். காய்ந்து சுண்ணாம்பாய் ஒட்டியிருந்தது.

மாமனாரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை.

"வண்டிக்கு உசுரே அதுதானம்மா. அதுக்குப் பொட்டு வைக்காம டயருக்கு மட்டும் வச்சா சாமி ஏத்துக்கிடுமா?"

கழற்றிப் பொட்டு வைத்தது போகட்டும், திரும்ப இறுக்கவில்லையா என்று கேட்டேன். பூஜைக்கு நேரமாகிவிட்டதாம், அதற்குள் பத்தாம் நம்பர் ஸ்பானர் பலகையில் ஏறிவிட்டதாம், சாமிக்கு வைத்ததை எப்படி எடுப்பது என்று கையாலேயே திருகிவிட்டாராம். எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. ஏறினது அப்படியே சிரிப்பாய் இறங்கிவிட்டது. நடுரோட்டில் பானெட்டைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தேன். கொழுந்தன் அழுகிற முகத்தோடு நிற்பதைப் பார்த்த பிறகுதான் நிறுத்தினேன்.

மாமனாரின் மஞ்சள் பையில் எப்போதும் சூடமும் தீப்பெட்டியும் இருக்கும். தீப்பெட்டியை வாங்கி, அதன் மருந்துப் பக்கத்தால் ஈய முனையைத் தேய்தேய் என்று தேய்த்தேன். உப்புத்தாள் மாதிரி சந்தனத்தைச் சுரண்டி எடுத்துவிட்டது. கிளாம்பைத் திரும்ப மாட்டி, குச்சிகளின் தலையைக் கிள்ளிப் போட்டுவிட்டு, வெறும் குச்சிகளை இடுக்கில் ஆப்பாகச் செருகி, ஒரு கல்லால் தட்டினேன். தீப்பெட்டிக்குப் பேர்போன கோவில்பட்டிக்காரிக்கு இதுகூடத் தெரியாவிட்டால் எப்படி? சாவியைத் திருகியதும் வண்டி உறுமியது. கொழுந்தன் என் காலில் விழாத குறை.

ஏறி உட்கார்ந்ததும் இரண்டு கட்டளைகள் பிறந்தன. ஒன்று என்னுடையது: குச்சி ஓடும்போது தாங்கும், மறுபடி கிளப்புகிற இழுப்பைத் தாங்குமோ என்னவோ, அதனால் வண்டியை அணைக்கவே கூடாது. இன்னொன்று நாத்தனாருடையது: பெண் பார்க்கப் போகிற வழியில் வண்டி நின்றது அபசகுனம், அந்த வீட்டில் ஒருவரும் அதைப் பற்றி மூச்சு விடக் கூடாது.

ராகு காலத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டோம். வாசலில் வண்டி டுடுடுடுவென்று நடுங்கிக்கொண்டே நின்றது. உள்ளே ஜமுக்காளத்தில் உட்கார்ந்தோம். நான் கைகளை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டேன், அவ்வளவு கரி. பெண்ணின் அப்பா, வண்டியை அணைத்துவிட்டு வரலாமே என்றார். என் வீட்டுக்காரர் இருக்கட்டும் இருக்கட்டும் என்றார். கொஞ்ச நேரம் கழித்துப் பெண்ணின் அப்பா மறுபடியும் அதையே சொன்னார். மாமனார் மழையைப் பற்றிப் பேசினார். பெண்ணின் அப்பா முகம் மெல்ல மெல்லச் சுண்டியது.

"கால்ல வெந்நிய ஊத்துன மாதிரி வந்துருக்கீக. அடுத்து வேற எங்கயும் பொண்ணு பாக்கணுமோ?"

இடி விழுந்தாற்போல் ஆயிற்று. நாங்கள் வண்டியை ஓடவிட்டிருப்பதற்கு அவர் பிடித்த அர்த்தம் அது. கொழுந்தன் தலையைக் குனிந்துகொண்டார், காதெல்லாம் சிவந்துவிட்டது. எனக்குத் தெரிந்துபோயிற்று, அடுத்தது காபி, அதற்கடுத்தது வாசல்.

அந்த நேரம் பார்த்துப் பெண் காபித் தட்டோடு வந்தாள். எனக்கு நீட்டினாள். தம்ளரை எடுக்க நான் கையை வெளியே நீட்டித்தானே ஆக வேண்டும்? நீட்டினேன். அவள் என் விரல்களைப் பார்த்தாள். வாசலில் நடுங்குகிற வண்டியைப் பார்த்தாள். குனிந்து, மெதுவாகக் கேட்டாள்.

"பேட்டரியாக்கா?"

எனக்கு அதற்குமேல் அடக்க முடியவில்லை. சகுனமாவது மண்ணாவது. சந்தனப் பொட்டிலிருந்து தீக்குச்சி வரை அத்தனையையும் சபையில் கொட்டிவிட்டேன். நாத்தனார் என் தொடையைக் கிள்ளியதை அப்புறம்தான் உணர்ந்தேன். பெண்ணின் அப்பா என்னையே பார்த்தார். பிறகு மாமனாரைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. பின்னால் சத்தமாகவே சிரித்தார். அவர் நாலு வருஷத்துக்கு முன்னால் டிராக்டர் டேங்கு மூடிக்குள் விபூதி போட்டவர் என்று அவர் வீட்டம்மா உள்ளேயிருந்து சொன்னார்.

பெண் உள்ளே போய், ஒரு தட்டு நிறையச் சாமான்களோடு வந்தாள். தேங்காய் எண்ணெய், சீனி, துணி. கூடவே ஒரு பத்தாம் நம்பர் ஸ்பானர், சந்தனப் பொட்டோடு. அவர்கள் வீட்டில் விடியற்காலையிலேயே மறுபூஜை முடிந்திருந்தது. அவளும் என்னோடு வாசலுக்கு வந்தாள். வண்டியை அணைக்கச் சொன்னாள். கொழுந்தன் பானெட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் குச்சிகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு கிளாம்பை இறுக்கினேன். ஒரே திருகில் வண்டி கிளம்பியது. எண்ணெயும் சீனியும் போட்டுத் தேய்த்துக் கரியைக் கழுவிவிட்டு, ஸ்பானரைத் துடைத்து அவளிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"நீங்களே வச்சிருங்கக்கா. திரும்பிப் போற வழியில வேணும். ஆனா இது இரவல்தான்."

"குடுத்து விடுதேன் தாயி. யார்கிட்ட குடுத்து விடட்டும்?"

"யார்கிட்டயும் குடுத்து விடாண்டாம். நானே அங்கன வந்து வாங்கிக்கிடுதேன்."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். பானெட்டைக் கீழே விட வேண்டும் என்பதே கொழுந்தனுக்கு மறந்துபோயிற்று. அவர் கையை நான்தான் விடுவித்தேன். வாசல்படியில் நின்றிருந்த அவள் அப்பா தொண்டையைச் செருமினார். காபி ஆறுகிறது, உள்ளே வாருங்கள் என்றார். அவர் குரலில் கறார் இருந்த இடமே தெரியவில்லை.

தை மாதம் அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். வந்த மறுநாளே என் தகரப் பெட்டியைத் திறந்தாள். ஸ்பானரைத்தான் தேடுகிறாள் என்று நினைத்து, இந்தா உன் இரவல் என்று எடுத்துக் கொடுத்தேன். அதைத் திரும்பப் பெட்டிக்குள்ளேயே போட்டுவிட்டு, ஜாக்கிக்கு எண்ணெய் விட்டு எத்தனை நாளாகிறது என்று என்னை அதட்டினாள்.